கம்பியில்லா இணைப்பு ஏன் அறுபடுகிறது?

மடிக்கணினியில் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஆசிரியரின் உருவம் அப்படியே உறைந்து நிற்கிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. திரையின் மூலையில் உள்ள வைஃபைக் குறியோ முழு வலிமையைக் காட்டுகிறது! ஒரு நிமிடம் சென்றதும், யாரும் எதையும் தொடாமலேயே, இணைப்பு திரும்பிவிடுகிறது. இத்தகைய கோளாற்றைச் சந்திக்காத வீடோ விடுதியோ இன்று அரிது எனலாம்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? கணினி பழசாகிவிட்டது என்கிறோம். ரூட்டர் மட்டமானது என்கிறோம். இணைய நிறுவனத்தைத் திட்டுகிறோம். வசதியுள்ளவர்கள் புதிய கருவி வாங்குகிறார்கள். வசதியற்ற மாணவர் பாடத்தை இழக்கிறார். ஆனால் பல சமயங்களில் கோளாறு கணினியிலும் இல்லை, ரூட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள பத்துப் பதினைந்து மீட்டர் வெளியில்தான் அது இருக்கிறது. அந்த வெளியில் அலைகளுக்கு நேரும் இடர்கள் ஒவ்வொன்றையும் யாரேனும் ஒருவர் முன்பே சந்தித்திருக்கிறார், காரணம் கண்டிருக்கிறார், முழுமையாகவோ அரைகுறையாகவோ மாற்று வழியும் கண்டிருக்கிறார். இந்த வரலாற்றை அறிந்தவருக்குக் கோளாற்றை எங்கே தேடுவது என்பதும் விளங்கிவிடும். அதனை இங்குக் காண்போம்.

ஹெர்ட்ஸின் துத்தநாகத் தகடு

கதை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் தொடங்குகிறது. மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்கின் வழியே கூறியிருந்தார். அதனைச் சோதனையால் மெய்ப்பிக்க 1886 முதல் 1888 வரை உழைத்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். விரிவுரைக் கூடத்தின் ஒரு பக்கத்தில் மின்பொறியால் அலைகளை உண்டாக்கினார். எதிர்ச்சுவரில் பெரிய துத்தநாகத் தகட்டைப் பொருத்தினார். தகட்டை நோக்கிச் செல்லும் அலையும், அதில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிலையலை உண்டாயிற்று. சிறு இடைவெளி விட்ட கம்பி வளையம் ஒன்றை ஏந்தி அவர் கூடத்தில் நகர்ந்தபோது, சில இடங்களில் வளையத்தில் பொறி பளிச்சென்று தோன்றியது. வேறு சில இடங்களில் பொறியே எழவில்லை. பொறி எழாத இடங்களே கணுக்கள். அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு அரை அலைநீளம் என்பதை மாணவர்கள் அறிவர். இவ்வாறே ஹெர்ட்ஸ் தம் அலைகளின் நீளத்தை அளந்தார்.

இந்தச் சோதனையை நாம் நாள்தோறும், அறியாமலேயே, நம் வீட்டில் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஹெர்ட்ஸின் அந்த அலைகள் பல மீட்டர் நீளமுள்ளவை. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர்தான். எனவே கணுவுக்குக் கணு 6 சென்டிமீட்டர். கணுவிலிருந்து அலை ஓங்கி நிற்கும் இடத்துக்கு வெறும் 3 சென்டிமீட்டர். துத்தநாகத் தகட்டின் வேலையை இரும்பு பீரோவும், குளிர்பதனப் பெட்டியும், சன்னல் கம்பிகளும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் செய்கின்றன. இரண்டு அலைகள் அல்ல, இருபது முப்பது அலைகள் பல திசைகளிலிருந்து வந்து கலப்பதால், அறை முழுவதும் வலிமையான புள்ளிகளும் மெலிந்த புள்ளிகளும் தாறுமாறாகப் பரவிக் கிடக்கின்றன. மடிக்கணினியை இரண்டு விரற்கடை நகர்த்தியதும் இணைப்பு சீராவது மாயமன்று, குறுக்கீட்டு விளைவே. நாம் கணினியைத் தொடாவிட்டாலும், அறையில் ஒருவர் எழுந்து நடந்தாலோ கதவு ஒன்று திறந்தாலோ இந்தப் புள்ளிகள் இடம் மாறிவிடும். அறுந்த இணைப்பு தானாகத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹவாய்த் தீவுகளின் பாடம்

அலை வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா? ஒரே நேரத்தில் பலர் பேசினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன். கடல் அலைகளில் சறுக்கி விளையாடும் ஆர்வமே அவரை அத்தீவுகளுக்கு ஈர்த்தது என்பார்கள். அங்கே பல தீவுகளில் இருந்த கல்லூரிகளைத் தலைமைக் கணினியோடு இணைக்க வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பிகளை நம்புவதற்கில்லை. ஆகவே அவர் வானொலி அலைகளை நாடினார். 1971-இல் அலோஹா என்னும் அந்த வலையமைப்பு இயங்கத் தொடங்கியது.

அதன் விதி மிக எளியது. செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டு. அனுப்ப வேண்டும் என்று தோன்றியதும் அனுப்பு. சேர்ந்ததற்கு ஒப்புதல் வந்தால் நன்று. வராவிட்டால் மற்றொரு பொட்டலத்தோடு மோதிச் சிதைந்தது என்று கொண்டு, சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பு. அந்தக் காத்திருப்பு நேரம் சீட்டுக் குலுக்கியதைப் போல ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும். இல்லையேல் மோதிய இருவரும் மறுமுறையும் சேர்ந்தே அனுப்பி மீண்டும் மோதுவார்கள் அல்லவா?

இம்முறையில் அலைவரிசையின் முழுத் திறனில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்பெற முடியாது என்று ஆப்ராம்சன் கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு மேல் நெரிசல் கூடினால் மோதல்களே மிகும். பயன் குறைந்துகொண்டே போகும். பேசுமுன் யாரேனும் பேசுகிறார்களா என்று செவிமடுத்து, அமைதியாக இருந்தால் மட்டும் அனுப்புவது அடுத்த முன்னேற்றம். வைஃபை இன்றளவும் அடிப்படையில் இந்த வழியையே பின்பற்றுகிறது. ஆனால் 1975-இல் ஃபுவாத் தொபாகியும் லெனார்ட் கிளைன்ராக்கும் இதிலுள்ள ஓட்டையை ஆராய்ந்து காட்டினர். ரூட்டர் நடு அறையில் இருக்கிறது. இரு கணினிகள் இரு கோடி அறைகளில் இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு எட்டாது. ஆகவே இரண்டும் அமைதி நிலவுவதாகக் கருதி ஒரே நேரத்தில் அனுப்பும். ரூட்டரில் இரண்டும் மோதும். இதற்கு மறைமுனைச் சிக்கல் என்று பெயர்.

குறி முழு வலிமையைக் காட்டியும் இணைப்பு ஓடாத புதிர் இங்கே ஓரளவு விளங்குகிறது. அந்தக் குறி காட்டுவது ரூட்டரின் அலை நம் கணினியை எவ்வளவு வலிமையோடு எட்டுகிறது என்பதை மட்டுமே. மோதல் எத்தனை, இரைச்சல் எவ்வளவு, நம் கணினியின் மெல்லிய குரல் ரூட்டருக்குக் கேட்கிறதா என்பவற்றை அது சொல்வதில்லை. உரத்த குரல் வேறு, தெளிந்த பேச்சு வேறு.

சமையலறையிலிருந்து வந்த அலைவரிசை

வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடைத்த கதை விந்தையானது. இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக உருவான மாக்னெட்ரான் குழல், உணவையும் சூடாக்கும் என்பதை 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்துப் பெர்சி ஸ்பென்சர் கண்டார். நுண்ணலை அடுப்பு பிறந்தது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. அவற்றுள் ஒன்று 2.45 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி. (நீர் மூலக்கூறு இந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு அடைவதால்தான் இது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது பரவலான தவறு.) செய்தித் தொடர்பு வல்லுநர்கள் இதனைக் குப்பைமேடாகவே கருதினர்.

1985-இல் அமெரிக்காவின் செய்தித் தொடர்பு ஆணையம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்க்கஸ் இதற்கு முன்னின்று உழைத்தார். இந்தக் குப்பைமேட்டில் உரிமம் பெறாமலேயே எவரும் குறைந்த திறனில் ஒலிபரப்பலாம்; ஆனால் பிற கருவிகளால் வரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி. இந்தியாவில் 2005-இல் இவ்வலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. எவரும் எளிதில் நுழையலாம் என்பதால்தான் வைஃபை உலகெங்கும் பரவியது. எவரும் நுழையலாம் என்பதால்தான் அது அறுந்தும் போகிறது. புறம்போக்கு நிலத்தில் கடை விரித்தவர், பக்கத்துக் கடையின் இரைச்சலைக் குறித்து யாரிடம் முறையிடுவது?

அடுப்பின் இரைச்சல் எவ்வளவு? ஆயிரம் வாட் அடுப்பிலிருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் அது 0.1 வாட். உடலுக்கு அது தீங்கன்று. ஆனால் ரூட்டர் ஒன்று வெளியிடும் திறனும் ஏறத்தாழ அவ்வளவே! மின்மாற்றி பொருத்திய அடுப்பில் மாக்னெட்ரான், மாறுமின்னோட்டத்தின் ஓர் அரைச் சுற்றில் மட்டும் இயங்கும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லிவிநாடி இரைச்சல், 10 மில்லிவிநாடி அமைதி என்று அது மாறி மாறி வரும். அந்த அமைதியில் பொட்டலங்கள் நுழைந்து தப்பலாம். அதனால்தான் அடுப்பு ஓடும்போது இணைப்பு பெரும்பாலும் அடியோடு சாகாமல் தத்தளிக்கிறது.

அடுப்பு அறிவியலாரையே ஏமாற்றியதுண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்னுமிடத்தில் உள்ள 64 மீட்டர் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் விளங்காத குறுந்துடிப்புகள் சில பதிவாகி வந்தன. விண்ணிலிருந்து வருபவை போலத் தோன்றினாலும், அவை பகலில், அதிலும் மதிய உணவு வேளையை ஒட்டியே மிகுதியாக வந்தன. 2015-இல் எமிலி பெட்ராஃபும் அவருடைய குழுவினரும் உண்மையைக் கண்டனர். நேரம் முடியுமுன்னே யாரோ அடுப்பின் கதவைத் திறந்தபோது, அணைந்துகொண்டிருந்த மாக்னெட்ரானிலிருந்து வெளியேறிய அலைகளே அவை! பதினேழு ஆண்டுப் புதிரை அவிழ்க்க உதவிய முதல் துப்பு, கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்புதான். இதனை நாம் மறக்கலாகாது.

எதிரொலியை வென்ற கணக்கு

1997-இல் வெளியான முதல் வைஃபைத் தரம் விநாடிக்கு 20 இலட்சம் பிட்டுகளையே அனுப்ப வல்லது. வேகத்தைக் கூட்ட முயன்றபோது ஹெர்ட்ஸின் சுவர் மீண்டும் குறுக்கே நின்றது. விநாடிக்கு 5.4 கோடி பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் அலை ஐந்தரை மீட்டர்தான் செல்லும். சுவரில் பட்டு ஆறு மீட்டர் சுற்றி வரும் எதிரொலி, நேரே வரும் அடுத்த பிட்டின்மேல் விழுந்துவிடும். பெரிய மண்டபத்தில் விரைந்து பேசுபவரின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்புவதைப் போன்றதே இது.

மண்டபத்தில் என்ன செய்வோம்? மெதுவாகப் பேசுவோம். இதற்கும் அதுவே தீர்வு. ஒருவர் விரைந்து பேசுவதற்குப் பதிலாக, ஐம்பது பேர் ஐம்பது சுருதிகளில் மெதுவாகப் பேசினால் மொத்த வேகம் குறையாது, எதிரொலியும் குழப்பாது. இந்த எண்ணத்தின் வேர் 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உள்ளது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.-வில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர் இதனை அறைக்குள் இயங்கும் கணினிகளுக்குப் பொருந்துமாறு வடித்து, 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். ஓ'சல்லிவன் வானொலி வானியலார். வெடித்து மறையும் சிறு கருந்துளைகளின் துடிப்பை 1970-களில் தேடியவர். அவை அகப்படவில்லை, ஆனால் கலங்கிய அலைகளைப் பிரித்தறியும் ஃபூரியே கணக்கில் அவருக்குத் தேர்ச்சி உண்டாயிற்று. அக்காப்புரிமைக்காகப் பல நிறுவனங்கள் பின்னாளில் வழக்கு மன்றம் வரை சென்று, மொத்தம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

1999-ஆம் ஆண்டுத் தரம் ஒன்றில் இம்முறை இடம்பெற்றது. 52 துணை அலைகள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் 4 மைக்ரோவிநாடி, அதில் 0.8 மைக்ரோவிநாடி எதிரொலி அடங்குவதற்கான இடைவெளி. அந்த இடைவெளியில் அலை 240 மீட்டர் செல்லும். எந்த வீட்டின் எதிரொலியும் அதற்குள் ஓய்ந்துவிடும்.

பகை நட்பான விதம்

எதிரொலியைத் தடுப்பதோடு நில்லாமல் அதனையே பயன்படுத்திக்கொண்டால் என்ன? இந்தத் துணிந்த எண்ணத்தை முன்வைத்தோருள் முதன்மையானவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார்க் கருவியை உருவாக்கியவர். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாமஸ் கைலாத்துடன் அவர் 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-இல் வழங்கப்பட்டது.

கருத்து இதுதான்: ஒரே அலைவரிசையில் இரண்டு ஆண்டெனாக்கள் இரண்டு வேறு செய்திகளை அனுப்புகின்றன. ஏற்கும் பக்கத்திலும் இரண்டு ஆண்டெனாக்கள். ஒவ்வொன்றுக்கும் இரு செய்திகளும் கலந்தே வருகின்றன. ஆனால் சுவர்களில் பட்டு வெவ்வேறு வழிகளில் வருவதால் கலவையின் விகிதம் ஒவ்வொன்றிலும் வேறு. அறியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகள் இரண்டு! பள்ளிக் கணக்கைப் போலத் தீர்த்துவிடலாம். சுவர்களே இல்லாத வெட்டவெளியில் தொலைவிலிருந்து பார்த்தால் இரு சமன்பாடுகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும், விடை கிட்டாது. ஆக, ஹெர்ட்ஸ் காலந்தொட்டுத் தொல்லையாக இருந்த சுவர் இங்கே துணையாகிறது. 2009-ஆம் ஆண்டுத் தரத்தில் இது வைஃபைக்குள் வந்தது. 2014-இல் பால்ராஜுக்கு மார்க்கோனிப் பரிசு கிடைத்தது.

கணினிக்குள்ளேயே ஓர் இடையூறு

வெளியை மட்டும் குறை சொல்வதும் முறையன்று. விநாடிக்கு 500 கோடி பிட்டுகளை அனுப்பும் யு.எஸ்.பி. 3.0 இணைப்பு, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சலை எழுப்புகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. புற வன்தட்டை மாட்டியதும் வைஃபை தடுமாறினால் ஐயுற வேண்டியது இதனையே. மற்றொன்று, மின்சாரச் சிக்கனம். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி தன் வைஃபைப் பகுதியை அவ்வப்போது உறங்கவைத்து, ரூட்டர் சுமார் 0.1 விநாடிக்கு ஒருமுறை விடுக்கும் அறிவிப்பைக் கேட்க விழிக்கச் செய்கிறது. இந்த ஏற்பாட்டை நடத்தும் டிரைவர் மென்பொருளில் குறையிருந்தால், உறக்கத்தில் பொட்டலங்கள் தவறிப்போகும்.

கோளாற்றைத் தேடும் முறை

இந்த வரலாற்றையே இப்போது ஓர் ஆய்வுக்கூடச் செய்முறையாக மாற்றிக்கொள்ளலாம். பொது விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் கோளாறு தீரலாம், காரணம் தெரியாது. மறுநாள் அது திரும்பி வரும்.

முதலில் கணினியை ரூட்டருக்கு இரண்டு மீட்டர் தொலைவில், மறைப்பில்லாமல் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அறுந்தால், கைப்பேசி போன்ற வேறு கருவி ஒன்றை அதே இடத்தில் சோதியுங்கள். இரண்டும் தடுமாறினால் கோளாறு ரூட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கலாம். கணினி மட்டும் தடுமாறினால் மின்சிக்கன ஏற்பாட்டை நிறுத்தியும், யு.எஸ்.பி. கருவிகளைக் கழற்றியும், டிரைவரைப் புதுப்பித்தும் பாருங்கள்.

அருகில் நன்றாக ஓடி அறையில் மட்டும் தடுமாறினால், சுவர்களும் இரும்பும்தான் காரணமாக இருக்கக்கூடும். கணினியை ஒரு சாண் நகர்த்துங்கள். ரூட்டரைப் பீரோவின் பின்னிருந்து எடுத்து உயரத்தில் வையுங்கள். குறிப்பிட்ட வேளையில் மட்டும் தடுமாறினால் ஒரு தாளில் நேரத்தைக் குறித்து வாருங்கள். மாலை தோறும் என்றால் அண்டை வீடுகளின் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் வாய்க்கால்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஒவ்வோர் ஒலிபரப்பும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ளது. ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றன்மேல் ஒன்று படாதவை. அவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சமையல் வேளையில் என்றால் காரணம் சொல்லவே வேண்டாம். இவ்விரு இடர்களுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நல்ல மாற்று. ஆனால் அது சுவரைத் துளைத்துச் செல்வதில் பின்தங்கியது; ஒரே அறைக்குள் சிறக்கும், மூன்றாவது அறையில் மெலியும்.

இத்தனையும் செய்து பார்த்த பின்பும் குறை நீங்காவிட்டால் அப்போது புதிய கருவி வாங்கலாம். அல்லது முக்கியமான தேர்வு நாளில் மட்டும் ஒரு கம்பியால் ரூட்டரையும் கணினியையும் இணைத்துவிடலாம். கம்பியின் பெருமையைக் கம்பியில்லாத் துறையினர் ஒருபோதும் மறுத்ததில்லை.

வைஃபை முழுமை பெற்ற கருவியன்று. பொட்டலம் தொலையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தொலைந்தால் என்ன செய்வது என்று திட்டமிட்டதால்தான் அது இந்த அளவுக்கேனும் இயங்குகிறது. நம் அறையில் ஒவ்வொரு நொடியும் எத்தனையோ பொட்டலங்கள் மோதிச் சிதைந்து, நமக்குத் தெரியாமலேயே மீண்டும் அனுப்பப்படுகின்றன. அந்தப் பொறுமை எல்லை கடக்கும்போதுதான் திரை உறைகிறது. அடுத்த முறை அது நிகழும்போது திட்டுவதற்கு முன், ஹெர்ட்ஸைப் போலக் கணினியைக் கையில் ஏந்தி அறையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அலைகளின் கணுக்களை நீங்களே கண்டறியலாம்.